வலப்பக்கம் தேய்ந்த டயர்

டயர் உங்க கால்ல இடிக்குதா அண்ணாச்சி? கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கண்டக்டர்ட்ட எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். வழியில போடக் கூடாது, மேல கட்டவும் முடியாது, மடியில வச்சிக்கிட்டு வந்தா வாங்க, இல்லன்னா எறங்கிக்கோங்கன்னுட்டாரு. பேரப்பிள்ளையை மடியில வச்சிக்கிட்டுப் போக வேண்டிய வயசுல டயரை வச்சிக்கிட்டுப் போறேன், பாத்துக்கோங்க.

இல்ல இல்ல, பழைய டயர்தான். விக்கப் போகல. தேனியில என் வீட்டுக்காரி இருக்கா. அவட்ட காட்டணும். அதுக்குத்தான் கொண்டு போறேன்.

பாத்தியளா, நீங்களும் சிரிக்கிய. சிரிங்க. ராஜபாளையத்துல ஏறுனதுல இருந்து பஸ்ஸே சிரிக்கி. நீங்க எங்க எறங்குதிய? கம்பமா? அப்ப தேனி தாண்டித்தான். நல்லதாப் போச்சு, பாதிக் கதையில எந்திரிச்சுப் போக மாட்டிய.

எம் பேரு சங்கரபாண்டியன். ஊரு சங்கரன்கோயில். ரோடு போடுத கம்பெனியில சூப்பர்வைசர். நம்ம பக்கம் நீங்க போற நல்ல ரோட்டுல பாதி நான் நின்னு போட்டது. கெட்ட ரோடெல்லாம் வேற ஆளு போட்டது. ரோடுன்னா பாயை விரிச்ச மாதிரி போட்டுட்டுப் போயிருவாங்கன்னு நெனைப்பிய. அதெல்லாம் இல்ல. நடுவுல கொஞ்சம் ஒசத்தி, ரெண்டு ஓரத்துக்கும் சரிச்சுப் போடணும். இல்லன்னா தண்ணி நின்னு ரோட்டைத் தின்னுரும். அந்தச் சரிவு சரியா இருக்கான்னு மட்டப்பலகை வச்சுப் பாப்பாங்க. எனக்குப் பலகையே வேண்டாம். செருப்பைக் கழட்டிட்டு நின்னா உள்ளங்கால் சொல்லிரும். இஞ்சினியருங்களே ‘சங்கரபாண்டியன் பாத்தாச்சா’ன்னு கேட்டுட்டுத்தான் அடுத்த சோலிக்குப் போவாங்க. இதை எதுக்குச் சொல்லுதேன்னா... எதுக்கும் இல்ல, சும்மா ஒரு பெருமைக்குத்தான்.

எனக்கு ஒரு கோட்டி உண்டு அண்ணாச்சி, ஒரு கிறுக்கு. புல்லட்டு. லீவு கெடைச்சாப் போதும், நானும் ஆவுடையும் கெளம்பிருவோம். ஆவுடையம்மாள், அதான் வீட்டுக்காரி. நர்ஸ். தனுஷ்கோடி, வேதாரண்யம், ஒகேனக்கல், மைசூரு, அங்கிட்டு ஹம்பி வரைக்கும் போயிருக்கோம். நான் ரோட்டையும் டயரையும் பாத்துக்கிட்டே ஓட்டுவேன். அவதான் ஊரைப் பாப்பா. ‘ஏங்க, அந்தக் குளத்துல எவ்வளவு தாமரை பாருங்க’ம்பா. நான் திரும்ப மாட்டேன். ராத்திரி லாட்ஜில உக்காந்து அவ சொல்லுவா, நான் கேப்பேன். அவ சொல்லித்தான் நான் போன ஊர்ல என்னென்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியும்.

டயரைப் பத்தி உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. தெரியாட்டியும் கேளுங்க, உசிலம்பட்டி வர இன்னும் நேரம் இருக்கு. புது டயருக்கு மேல பூராவும் பூனை மீசை கணக்கா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும். அது உதிர்ற வரைக்கும் வழுக்கும், சாச்சு ஓட்டக் கூடாது. அப்புறம் ஒரு நல்ல காலம். நெனைச்ச பக்கம் போவும், நெனைச்ச இடத்துல நிக்கும். பெறவு நாலுவழிச் சாலையில நேரா நேரா நேரான்னு ஓட்டுதோமா, நடுப்பக்கம் மட்டும் தேஞ்சு தட்டையாப் போவும். தட்டையான டயர்ல மலைப்பாதையில திருப்புனா வண்டி ஒரு படி எறங்கித்தான் சாயும். முன் டயரு தேயுததுக்குள்ள பின் டயரு ரெண்டு தேஞ்சிரும். நான் எந்த ஊர்ல நிறுத்தினாலும் முதல் வேலை, தீக்குச்சியை எடுத்துப் பட்டன்ல விட்டுப் பாப்பேன். பட்டன்னா இந்தா, இந்த வெட்டு. மருந்துத் தலை முங்குச்சுன்னா டயர் இருக்கு. வெளிய தெரிஞ்சா போச்சு. மத்தவன் கோயிலுக்குப் போனா சாமி கும்புடுவான், நான் வாசல்ல குத்தவச்சு டயருக்குத் தீக்குச்சி குத்திக்கிட்டு இருப்பேன்.

அப்படிக் குத்தும்போதுதான் கண்டுபிடிச்சேன். நடுவுல தேஞ்சா ஞாயம். எனக்கு நடுவை விட்டுத் தள்ளி வலப்பக்கமாத் தேஞ்சிருக்கு. இடப்பக்கம் தீக்குச்சி முங்குது, வலப்பக்கம் முங்கல. அடுத்த டயரும் அப்படித்தான். அதுக்கடுத்ததும் அப்படித்தான். கையை லேசா விட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கு.

நான் யாரு? விட்டுருவேனா? யோசிச்சேன். ஒரு வாரம் யோசிச்சேன். ஒருநாள் ஆவுடை வண்டியில ஏறி உக்காரும்போது பளிச்சுன்னு வெளங்கிருச்சு. அவ சேலை கட்டி ஒரு பக்கமா உக்காருதா. ரெண்டு காலும் இடப்பக்கம் தொங்குது. அப்ப கனம் இடப்பக்கம் இழுக்கும். விழாம இருக்கணும்னா நான் வண்டியை ஒரு மயிரிழை வலப்பக்கம் சாச்சுப் பிடிக்கணும். எனக்கே தெரியாமப் பிடிக்கேன். அதான் வலப்பக்கம் தேயுது. எப்படி? கணக்கு சரியா வருதுல்லா? அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே, தரையில கால் பாவல.

அவட்ட சொன்னேன். ‘ஏட்டி, டயரு உன்னாலதாம்ட்டி தேயுது’ன்னேன். அவ கொஞ்ச நேரம் டயரையும் பாத்தா, என்னையும் பாத்தா. ‘நான் உக்காந்திருக்கது இடப்பக்கம். தேஞ்சது வலப்பக்கம். அப்ப சாஞ்சது நீங்கதான?’ன்னா.

பொம்பளைக்கு இதெல்லாம் வெளங்காதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

‘சரி, சுடிதார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்துக்கிடுதேன், கனம் நடுவுல இருக்கும்’னா. நல்ல யோசனைதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘இந்த வயசுலயா? ஊர்ல பாத்தா என்ன சொல்லுவாங்க? வேண்டாம்’னு சொல்லிட்டேன். ஒரு பக்கமா உக்காரவும் கூடாது, ரெண்டு பக்கமா உக்காரவும் கூடாதுன்னா அவ எங்க போயி உக்காருவா? அது அப்ப எனக்குத் தோணல. இப்ப உங்கட்ட சொல்லும்போதுதான் தோணுது.

அதுக்குப் பதிலா நான் ஒரு வேலை பண்ணுனேன். வலப்பக்கம் ஒரு பெரிய கேன்ல தண்ணி நெரப்பித் தொங்கவிட்டேன். அவ இந்தப் பக்கம், கேன் அந்தப் பக்கம். வழியில யாராவது தாகம்னு தண்ணி கேட்டாக் கூடக் குடுக்க மாட்டேன். குடுத்தா கேன் அவ கனத்துக்குச் சரியா நிக்காதே! ‘என்னைத் தராசுல வச்சா கூட்டிக்கிட்டுப் போறிய?’ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டா. அப்ப சிரிச்சா.

கேன் வச்சும் டயரு வலப்பக்கம்தான் தேஞ்சுது. இப்ப என்ன அர்த்தம்? கேன் பத்தல, அவ கனம் கூடியிருக்கான்னு அர்த்தம். சத்தியமா அண்ணாச்சி, அப்படித்தான் நெனைச்சேன். நெனைச்சதோட விட்டிருக்கலாம்.

போன வருசம் தனுஷ்கோடி போயிட்டுத் திரும்பி வாரோம். ராமநாதபுரத்துல ஒரு பஞ்சர் கடையில காத்துப் பிடிக்க நிறுத்தினேன். அங்க மதுரைப் பயலுக அஞ்சாறு பேரு, பெரிய பெரிய வண்டி, முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு. டயரைப் பத்திப் பேச்சு வந்துச்சு. எனக்கு டயர்னா வாயி சும்மா இருக்காதுல்லா. எல்லாரையும் கூப்பிட்டேன். ‘இங்க பாருங்கப்பா, ஒரு பக்கமா பொண்டாட்டியை உக்கார வச்சு ஓட்டுனா இதுதான் கதி. வருசத்துக்கு வருசம் கனம் வேற ஏறுது, கேன் வச்சும் சமாளிக்க முடியல’ன்னு சொல்லிச் சொல்லி டயரைச் சுத்திச் சுத்திக் காட்டினேன். அவனுக விழுந்து விழுந்து சிரிக்கானுவ. நானும் சிரிக்கேன்.

ஆவுடை அங்கனதான் நின்னா. கையில எனக்கு வாங்கின டீ கிளாசு. அதை அந்த பெஞ்சுமேல வச்சா. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா. நான் ‘ஏட்டி, ஏட்டி’ன்னு கூப்பிட்டுக்கிட்டே போறதுக்குள்ள மதுரை பஸ்ல ஏறி ஜன்னலோரமா உக்காந்துட்டா.

நான் என்ன செய்ய? பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில வந்தேன். பரமக்குடி, மானாமதுரை, எல்லா ஊர்லயும் பஸ்ஸு நிக்கும், நானும் நிப்பேன். ஜன்னல்ல அவ தலை தெரியும். திரும்பவே இல்ல. அந்த வழியில வைகைக் கரை வருமாம், தென்னந்தோப்பா இருக்குமாம். நான் பாக்கல. சொல்லவும் ஆள் இல்ல.

ஊருக்கு வந்து சண்டை கிண்டை ஒண்ணும் போடல. அவளுக்குத் தலைமை நர்சா தேனிக்கு பிரமோஷன் வந்து ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லியிருந்தா, எனக்காக. மூணாவது தடவை சரின்னுட்டா. பெட்டியைக் கட்டும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. ‘இனிமே உங்க டயரு தேயாது.’

ஒரு வருசம் ஆச்சு. போன் பண்ணினா பேசுவா. சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளான்னு கேப்பா. ஊருக்கு வான்னா மட்டும் ‘பாப்போம்’பா. இப்ப அவ ஆபீசுல கேட்டிருக்காங்க, இங்கேயே நிரந்தரமா இருக்கியா, சங்கரன்கோயிலுக்கே திரும்பப் போறியான்னு. நாளைக்குப் பதில் சொல்லணும். நேத்து போன்ல சாதாரணமாச் சொல்லுதா, ‘இங்கேயே இருந்துரலாம்னு பாக்கேன்’னு. மழை வருதுன்னு சொல்லுத மாதிரி சொல்லுதா. எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி.

கேளுங்க, டயர் கதை இனிமேதான் இருக்கு.

அவ போன மறுவாரமே நான் புது டயர் போட்டேன். இந்தா, இதுதான். வீம்பு! இனிமே நான் தனி ஆளு, கேன் இல்ல, சேலை இல்ல, டயரு நட்ட நடுவுல ஸ்கேல் வச்ச மாதிரி தேயப் போவுது, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பப் போறேன்னு நெனைச்சேன். திருச்செந்தூரு, தஞ்சாவூரு, கொல்லிமலைன்னு தனியாச் சுத்தினேன். ஒரு ஊரும் ஞாபகம் இல்ல. ரோடு மட்டும்தான் ஞாபகம் இருக்கு. போன மாசம் தீக்குச்சியை விட்டுப் பாக்கேன்... வலப்பக்கம் முங்கல.

அப்பவாவது புத்தி வந்திருக்கணும்லா? வரல. பர்சை வலது பாக்கெட்டுல வைக்கோம், அதான் கனம் இழுக்குன்னு இடது பாக்கெட்டுக்கு மாத்தினேன். சாப்பாட்டுத் தூக்கை இந்தப் பக்கம் தொங்கவிட்டேன். வலது கைக் கடியாரத்தைக் கழட்டினேன். ஆமா, கடியாரத்தை! நேத்து மைதீன் பாய் டயர் கடையில போயி, வீல் கோணிருக்கு, சரி பண்ணுங்கன்னு சண்டை போட்டேன். பாய் கழட்டி, சுத்தி, எல்லாம் பாத்துட்டு வீல் நேராத்தான் இருக்குன்னாரு. டயரு தேஞ்சிருச்சு, புதுசு வர நாலு நாள் ஆவும்னு சொல்லிட்டுத் தொழுகைக்குப் போயிட்டாரு.

நான் சும்மா இருக்க முடியாம கடைக்குப் பின்பக்கம் போனேன். கழிச்சுப் போட்ட டயரு அங்க மலையாக் கெடக்கு. ஒண்ணை உருட்டிப் பாத்தேன். வலப்பக்கம் தேஞ்சிருக்கு. அம்புக்குறி போட்டிருக்கும், எந்தப் பக்கம் உருளும்னு, அதை வச்சு எது வலதுன்னு சொல்லிரலாம். இன்னொண்ணு, வலப்பக்கம். சரி, இவனுகளும் பொண்டாட்டியை வச்சு ஓட்டுறவனுகன்னு நெனைச்சேன். தொழுகை முடிச்சு வந்த பாயைப் பிடிச்சுக்கிட்டு, ‘இது யாரு டயரு? கல்யாணம் ஆனவரா?’, ‘இது? பொண்டாட்டி சேலையா சுடிதாரா?’ன்னு ஒவ்வொண்ணா கேக்கேன். பாய் என்னை ஒரு மாதிரி பாக்காரு. கடைசியா ஒரு டயரு. இருக்கதுலயே அதுதான் வலப்பக்கம் மொட்டையாத் தேஞ்சு கெடக்கு. ‘இது யாருது பாய்?’ன்னேன்.

‘ஞானப்பிரகாசம் ஃபாதருது’ன்னாரு.

ஃபாதருக்கு ஏது அண்ணாச்சி பொண்டாட்டி? இருவது வருசமா ஒத்தையா புல்லட்டுல ஊர் ஊராப் பூசைக்குப் போற மனுசன்.

அந்நேரம் பாத்து மழை பிடிச்சுது. கடை வாசல்ல ஒதுங்கி நிக்கேன். ரோட்டுல விழுத தண்ணி நடுவுல ஒரு சொட்டு நிக்கல. எல்லாம் ஓரத்துக்கு, ஓரத்துக்குன்னு அழகா வழிஞ்சு ஓடுது. அந்த ரோடு நான் போட்டது. நல்லாப் போட்டிருக்கோம்டான்னு நெனைச்சேன். சொன்னா நம்ப மாட்டிய, முதல்ல அப்படித்தான் நெனைச்சேன், பெருமையா! பெறவுதான் பொடனியில யாரோ அடிச்ச மாதிரி இருந்துச்சு. நாம ரோட்டுக்கு எந்தப் பக்கம் போறோம்? இடப்பக்கம். இடப்பக்க ரோடு எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு? இடப்பக்கம். ரோடு சரிஞ்சிருக்கு, வண்டி நட்டுக்குத்தலா நிக்கும். அப்ப ரோட்டைத் தொடுறது டயரோட நடு இல்ல, நடுவுக்கு வலப்பக்கம். ஆவுடை உக்காந்தாலும் தேயும், கேன் உக்காந்தாலும் தேயும், பின்னால ஆளே இல்லாட்டியும் தேயும்.

சரிச்சுப் போட்டது யாரு? நான். ஆயுசு பூரா உள்ளங்காலால மட்டம் பாத்துச் சரிச்சுப் போட்டது நான். பழி அவ தலையில. அந்த மழையில நின்னு எனக்கு அழுகை வந்துருச்சு அண்ணாச்சி. பாய் டீ வாங்கிக் குடுத்தாரு. டயரைத் தூக்கித் தோள்ல போட்டேன், காலையில ‘வாரேன்’னு அவளுக்கு ஒரு போனைப் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். வண்டி பின் டயர் இல்லாம பாய் கடையில நிக்கி.

என்ன சொல்லப் போறேனா? அதான் ராத்திரி பூரா சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேன். ‘ஏட்டி, தப்பு உன் மேல இல்ல. ரோட்டு மேல.’ எப்படி இருக்கு?

ஏன் அப்படிப் பாக்கிய? நல்லா இல்லையா? மன்னிப்புக் கேக்கணுமா? அதான் டயரைக் கொண்டு போறேம்லா! இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கிட்டு வாரேனே, அதுல தெரியாதா? ...தெரியாதோ?

இந்தா, ஆண்டிபட்டி கணவாய் வந்துட்டு. கரண்டு எடுக்குத காத்தாடியெல்லாம் சுத்துது பாருங்க. நான் இந்த வழியில வண்டியில வந்திருக்கேன், இது இருக்கதே தெரியாது. ரோடு இங்க நல்லாப் போட்டிருக்கான்.

தேனி வந்துட்டு. பஸ்ஸு டீ குடிக்க நிக்குமா? சரி அண்ணாச்சி, வாரேன். நீங்க கொஞ்சம் காலை ஒதுக்குங்க, டயரு மாட்டிக்கிட்டு. வேட்டியெல்லாம் கரி. அந்தா நிக்கா பாருங்க, ஸ்கூட்டர் பக்கத்துல. சுடிதார் போட்டுக்கிட்டு. ஸ்கூட்டர் ஓட்டுதான்னு எங்கிட்ட சொல்லவே இல்ல!

அண்ணாச்சி! அண்ணாச்சி, இங்க, ஜன்னல்ல! வண்டி இன்னும் எடுக்கல, நல்லதாப் போச்சு. உங்கட்ட சொல்லாமப் போக மனசு வரல. அவ ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருக்கா, சட்டுன்னு சொல்லிட்டுப் போயிருதேன்.

டயரைக் கீழ போட்டேன். ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணின ஒரு வார்த்தை வாயில வரல. ‘ஏட்டி, இது... நீ இல்ல... ரோடு...’ன்னு உளறுதேன். அவ டயரைத் தொட்டுக் கூடப் பாக்கல. ‘எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?’ன்னா. ‘வலப்பக்கம்’னேன். ‘என் ஸ்கூட்டரைப் பாருங்க’ன்னா. குனிஞ்சு பாக்கேன். வலப்பக்கம்! பத்து மாசமா தனியாத்தான் ஓட்டுதாளாம். பின்னால ஒரு ஈ காக்கா உக்காந்தது இல்லையாம். ‘எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. நீங்களாக் கண்டுபிடிச்சுக்கிட்டு வருவியன்னு இருந்தேன். இவ்வளவு நாள் ஆவும்னு நெனைக்கல’ன்னா.

அப்புறம் நான் கேட்டுட்டேன் அண்ணாச்சி. நீங்க பாத்த பார்வையிலதான் கேட்டேன். ‘ரோடு இல்லட்டி, நான்தான். அத்தனை பேரு முன்னால உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிக்கோ. ஊருக்கு வந்துரு’ன்னேன். கண்ணுல தண்ணி வந்துட்டு அவளுக்கு. துடைச்சுக்கிட்டு என்ன சொல்லுதா தெரியுமா? ‘மொதல்ல வண்டியில ஏறுங்க. வீடு மூணு கிலோமீட்டரு. வீடு வரைக்கும் வண்டியைப் பத்தி, டயரைப் பத்தி, நான் ஓட்டுறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம வாங்க. பேசாம வந்தியன்னா நாளைக்கு ஆபீசுல சங்கரன்கோயில்னு சொல்லுதேன்.’

மூணு கிலோமீட்டரு அண்ணாச்சி! என்னால முடியுமா? முடியும். முடியணும்.

இந்த டயரைத் தோள்ல மாட்டிக்கிட்டு வேட்டியோட எப்படி ரெண்டு பக்கமும் கால் போட? ஒரு பக்கமாத்தான் உக்காரணும். ஆமா, ஒரு பக்கமாத்தான். நல்லாச் சிரிங்க. பஸ்ஸுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்க, எனக்கு இது வேணும்.

ஹாரன் அடிக்கா, வாரேன். அண்ணாச்சி, காதை இங்கிட்டுக் கொண்டாங்க. அவ பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு. என் கனமும் சேந்தா ரிம்மு இடிக்கும். நீங்க ஜன்னல்ல இருந்தே ஒரு வார்த்தை...

இல்ல, வேண்டாம். நீங்களும் ஒண்ணும் சொல்லாதிய. ஏட்டி, இந்தா வந்துட்டேன்! ஒண்ணும் இல்லட்டி, சும்மா போயிட்டு வாரேன்னு சொன்னேன்.